வெள்ளையம்மாளின் அச்சம்

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வீராங்கனைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். எதற்குமே அஞ்சாதவளுக்குத் துணிவு எதற்கு? தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள்கூட, கயிற்றைப் பிடிக்க நம்பிக்கையான ஓர் ஆளை வைத்துக்கொண்டுதானே மூழ்கினார்கள்?

அவ்வூருக்கு அருகிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியின் கதையைச் சொன்ன 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தில், பத்மினி நடித்த வெள்ளையம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். காளை வளர்த்த கர்வக்காரி. ஆனாலும் தீய கனவு கண்டதும், போருக்குப் போகவேண்டாமென்று கணவனிடம் கெஞ்சுகிறாள். அந்தக் கெஞ்சலைக் கேட்டிருப்பதால்தான், அவன் மாண்டபின் அவள் பழிவாங்கப் புறப்படும்போது நம் நெஞ்சு பதறுகிறது.

ஆயினும் அது ஒரு கணத்து ஆவேசம். 1772-இல் கணவரை இழந்த வேலு நாச்சியாரோ எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு ஆண்டுக் கவலையை எழுதத் தெரிந்த கதாசிரியர்தான் நமக்கு வேண்டும். வாள்வீச்சை ஸ்டண்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.