சி.டி.ஏ. 102: செய்தியில் விட்டுப்போனது

'விண்ணிலிருந்து மர்மச் சமிக்ஞை' என்ற தலைப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1965-இல் சி.டி.ஏ. 102-இன் வானொலி அலைகள் சுமார் 100 நாளுக்கொரு முறை ஏறி இறங்குவதாகச் சோவியத் வானியலார் ஷோலோமிட்ஸ்கி அறிவித்தார். வேற்றுலக நாகரிகம் என்று டாஸ் பரப்பியது. அது குவாசார் என்று தெரிந்ததும் கதை முடிந்தது என்றே இன்றும் எழுதுகிறார்கள். என் குறை இதுதான்: கதை அங்கேதான் தொடங்குகிறது.

சீரான 100 நாள் உறுதிப்படவில்லை, மாறுவது உண்மை. அப்படியானால் 800 கோடி ஆண்டு ஒளிப்பயணத் தொலைவிலும் தெரியும் ஆற்றல், சில மாதங்களில் ஒளி கடக்கும் சிறு இடத்திலிருந்தா வருகிறது? விடை: கருந்துளையருகே கிளம்பி, ஏறத்தாழ ஒளிவேகத்தில் நம்மை நோக்கிப் பாயும் தாரை. இத்தகைய குவாசாரே பிளேசார். தாம்பரம் நடைமேடையில் எதிரே வரும் மின்சார ரயிலின் விளக்கு கண்ணைக் கூசும், பக்கவாட்டில் கூசாது. உவமை பாதிதான் பொருந்தும். இங்கே வேகமே ஒளியை முன்புறம் குவிக்கிறது, மாற்றத்தையும் விரைவாகக் காட்டுகிறது.

வழியும் ஏமாற்றும். உதகை முத்தோரையில் 1970 முதல் மலைச்சரிவில் கிடக்கும் 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி, இத்தகைய பொருள்கள் நொடிக்கு நொடி மினுங்குவதைப் பதிவுசெய்கிறது. அது சூரியக் காற்றின் வேலை. குறைந்த அதிர்வெண்ணில் மாதக்கணக்கில் தெரியும் மாற்றத்தில் விண்மீன்களிடை வாயுவுக்கும் பங்குண்டு. இவற்றைப் பிரித்தறிவதே ஆராய்ச்சி. அதை விட்டு மர்மத்தை மட்டும் எழுதினால், வகுப்பில் என்னிடம் வரும் கேள்வி, "சார், நாம பதில் அனுப்பிட்டோமா?"