ஜோவுக்குத் தெரிந்திருந்தால்

‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தின் கடைசிக் காட்சியை வைத்து நண்பர்களுக்குள் இன்னும் சண்டை போடுகிறோம். ஜோவின் அப்பா கல்லூரிக்கு வந்து பரியனிடம் பேசுகிறார். பிறகு ஒரு டம்ளரில் பால் டீ, இன்னொன்றில் பிளாக் டீ, நடுவில் ஒரு மல்லிகை. மாரி செல்வராஜ் ரொம்ப இறங்கிப் போய்விட்டார் என்பான் ஒருவன். இல்லடா, அதுதான் நம்பிக்கை என்பேன் நான்.

போன மாதம் மறுபடி பார்த்தேன். பரியன் அங்கே மன்னிக்கவே இல்லை. நாளைக்கு ஏதாவது மாறலாம் என்கிற மாதிரி அவர் பேச, நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்று சொல்லிவிடுகிறான். உறவை முறிக்கவில்லை, ஆனால் சும்மாவும் விடவில்லை. இதுவரை சரி.

உறுத்துவது வேறு. கல்யாண வீட்டில் அறைக்குள் பூட்டி, அடித்து, அவன்மேல் சிறுநீர் கழித்தார்களே, அது கடைசிவரை ஜோவுக்குத் தெரியாது. பரியன் சொல்லவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டதால்தான் அவள் அப்பாவுக்கு மகளாகவும் அவனுக்குத் தோழியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது. இப்படிப்பட்ட அப்பாவோடு எப்படி வாழ்வது என்பது ஜோவின் கேள்வி. படம் அவளிடம் அதைக் கேட்கவேயில்லை. படத்தின் பெரிய பலவீனமாக எனக்குப் படுவது இதுதான். நம்மில் பலர் பரியன் பக்கம் உட்கார்ந்து அழுகிறோம். உட்கார வேண்டிய இடம் ஜோவின் நாற்காலி.

என்னுடையதும் அதுதான். எனக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டியவர் மாமா. இரண்டாம் வருஷ லீவில் ரூம்மேட்டை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாப்பிடும்போது மாமா கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊரு?” சொன்னான். “ஊர்ல எந்தத் தெரு?” அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை; ஏன் என்று நானும் கேட்கவில்லை. மாமா வீட்டில் மட்டும் இன்றுவரை சாப்பிடுகிறேன். ‘பெரியவங்களை மாத்த முடியாது, உறவை விட முடியாது’ என்று பெருந்தன்மையாகப் பேசியும் திரிந்தேன். அந்தப் பெருந்தன்மைக்கு பில் கட்டியது அவன்.

படம் பார்த்த வாரம் ஊருக்குப் போனேன். இலை போட்டிருந்தது. “மாமா, அன்னிக்கு அவன்கிட்ட எந்தத் தெருன்னு கேட்டீங்களே, அதுக்கப்புறம் அவன் வரவேயில்ல” என்றேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். “யாருப்பா அது?” என்றார்.

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.