அறக்கோட்டமும் பஞ்ச முகாமும்: திருமுகவிலாசத்தை முன்வைத்து ஒரு வாசிப்பு

தாது வருடப் பஞ்சத்தை (1876–78) ஒட்டி எழுந்த நூல்களுள் வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ (1899) அங்கதச் சுவையால் தனித்து நிற்பது. பசித்தோர் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகின்றனர். அவரோ சிவகங்கைத் துரைசிங்க மன்னருக்குத் திருமுகம் எழுதி அவர்களை அனுப்பிவைக்கிறார். பாணபத்திரர்பொருட்டுச் சேரமானுக்கு எழுதிய பழைய திருமுகம் இங்கு நகைப்புக்குரியதாகிறது. ஆயினும் இந்நூலின் கதைச்சட்டகம் மரபை மீறவில்லை: பசிக்கு மருந்து கொடையே, பசித்தவர் இரப்போரே.

அப்பஞ்சத்தில் அரசு அளித்தது கொடையன்று, கூலி. 1877 சனவரியில் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அளவின்படி, நிவாரண வேலையில் நாள் முழுதும் உழைத்த ஆணுக்கு ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியமும் சிறு காசுமே கிடைத்தன. பெண்களுக்கு அதனினும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் ஒன்றரைப் பவுண்டு தானியமேனும் வேண்டுமென வாதிட்டார். பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரப் பகுதி இத்தகைய உழைப்பால் வெட்டப்பட்டதே.

மணிமேகலையின் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’யில் தண்டனைக்குரிய இடம் உணவிடும் இடமாக மாறுகிறது. 1877ஆம் ஆண்டு முகாம் இதன் தலைகீழ்: உணவிடும் இடமே தண்டிக்கும் இடமாயிற்று. எனினும் இவ்வொப்பீட்டோடு நின்றுவிடுதல் போதாது. கொடையை அளந்து கேட்க இயலாது, கூலியை இயலும். அவ்வாண்டிலேயே பம்பாய் மாகாணத்தில் கூலிக்குறைப்பை ஏற்காத பல்லாயிரவர் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். தெற்கே, ஜி. யு. போப் 1840களில் கல்விச்சாலை நடத்திய சாயர்புரத்திற்கு அண்மையிலுள்ள தூத்துக்குடித் துறைமுகம் வழியே, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினோர் பலர். தோட்டத்திலும் துன்பமே காத்திருந்தது. ஆயினும் அவர்கள் நாடியது கொடையன்று, வேலை.

முறையிடுவோர், உழைப்போர், வெளியேறுவோர் என்னும் மூவகையினருள் திருமுகவிலாசத்தின் சட்டகம் முதல்வகையினரையே மையப்படுத்துகிறது. அதன் அங்கதம் கொடுப்பவனை எள்ளுகிறது. கொடுக்கும் முறையை வினவவில்லை. இவ்வெல்லை இலக்கிய வரலாற்றோடு முடிவதன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஊரக வேலையை உரிமையாக்கிய பின்னரும், ‘நூறு நாள் வேலை’க்குச் செல்லும் பெண்களைச் சலுகை பெறுவோராகக் காணும் பேச்சு ஓயவில்லை. உழைத்தவரை இரந்தவராகக் காணும் அப்பார்வையின் வேர்களைப் பஞ்ச இலக்கியத்திலும் தேடவேண்டும்.