பெருவாத்து மலை: கண்டதும் இழந்ததும்

ஒரு கதை நாடும் மொழியும் கடந்து பல நூற்றாண்டுகள் வழங்கி வருமாயின், அதன்கண் மாறாது நிற்கும் கூறு யாது, மாறிய கூறு யாது எனப் பிரித்தறிதல் நூலாராய்ச்சியின் முறையாகும். மாறாத கூறு கதையின் உடம்பைக் காட்டும். மாறிய கூறோ, அவ்வக் காலத்தார் அக்கதையை எதன்பொருட்டு வேண்டினர் என்பதைக் காட்டும். இம்முறையான் ஆராயத்தக்க சீன அசைவூட்டப் படம் ஒன்று உளது. 1957-இல் நிறுவப்பெற்ற ஷாங்காய் அசைவூட்டப்பட நிலையத்தாரும் பிலிபிலி என்னும் இணையப் படநிலையத்தாரும் கூடி, 2023-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல்நாள் தொடங்கி, சீனத்து விந்தைக் கதைகளாக எட்டுக் குறும்படங்களை வெளியிட்டனர். அவற்றுள் இரண்டாவது இது. இயக்கியவர் ஹூ ரூய். சீனத்தில் இதன் பெயர் பெருவாத்தைக் குறிக்கும் சொல்லை மும்முறை அடுக்கியதாகும். பிறநாட்டார்க்குப் ‘பெருவாத்து மலை’ என்னும் பெயரால் வழங்குகின்றது.

கதை சுருங்கியது. சுமைவணிகன் ஒருவன் இரண்டு பெருவாத்துகளை ஓர் ஊர்க்குக் கொண்டு செல்கின்றான். மலைவழியில் கால் நொந்த நரிமுக இளைஞன் ஒருவன் எதிர்ப்பட்டுத் தன்னைக் கூட்டில் இட்டுச் சுமக்குமாறு வேண்டுகின்றான். பின்னர் அவன் தன் வாயினின்று முயலுருவான மங்கையை வெளிப்படுத்தி அவளோடு உண்டு குடித்து உறங்க, அவள் தன் உள்ளத்துக்கு இனியனாகிய பன்றியுருவானவனை வெளிப்படுத்துகின்றாள். அவன் தனக்கு இனியவளாகிய பெருவாத்து மங்கையை வெளிப்படுத்துகின்றான். அவளோ பிறர் எவரையும் வெளிப்படுத்திலள்; வணிகனையே நோக்குகின்றாள். வணிகன் உள்ளம் நெகிழ்கின்றது. எனினும் துணிவு பிறவாமுன் காலம் கழிகின்றது. ஒருவர் ஒருவரை மீண்டும் விழுங்க, இறுதியில் நரிமுகத்தானும் நீங்குகின்றான். பெருவாத்துகளும் இல்லை, மங்கையும் இல்லை. வணிகன் தனியே நிற்கின்றான்.

இதன் அணிய மூலம் லியாங் அரசர் காலத்தவராகிய ஊ ஜுன் (469–520) எழுதிய விந்தைக் கதைத் தொகுதியில் உள்ளது. அங்கே கூடு சுமப்பவன் பெயர் சூ யான். இளைஞன் கூட்டினுட் புகுந்தபோது கூடு பெரிதாகவும் இல்லை, அவன் சிறியனாகவும் இல்லை என்று அந்நூல் வியந்துரைக்கும். ஊ ஜுன்னுக்கும் முற்பட்ட வடிவம் பௌத்த உவமைக் கதைத் தொகுதி ஒன்றன்கண் உளது. அது மூன்றாம் நூற்றாண்டில் ஊ நாட்டில் வாழ்ந்த காங் செங்ஹுயி சீனத்தில் மொழிபெயர்த்ததாக வழிவழிக் கூறப்படுவது. அக்கதையில் அந்தணன் ஒருவன் குடம் ஒன்றை உமிழ, அதனுள் ஒரு பெண் இருக்கின்றாள். அவன் உறங்கியபின் அவளும் ஒரு குடத்தை உமிழ, அதனுள் ஓர் இளைஞன் இருக்கின்றான். இவ்விரண்டும் ஒரு வேரின என்பதை ஒன்பதாம் நூற்றாண்டினராகிய துவான் செங்ஷி அக்காலத்தேயே குறித்தனர். லூ சுன் தம் சீனப் புனைகதை வரலாற்றில் அதனை விளக்கினர்.

இம்மூன்று வடிவத்தும் மாறாது நிற்பது ஒன்றனுள் ஒன்று அடங்கிய மறைவே. மாறுவது யாதெனின், காண்பவன் நிலை. பௌத்தக் கதையிற் காண்பவன் அரசகுமாரன். அவன் மரத்தின்மேல் இருந்து அனைத்தையும் பார்க்கின்றான். பின்பு அரசவையில் அந்தணனை விருந்துக்கு அழைப்பித்து, மூவர்க்கு உணவு படைக்கச்செய்து, மறைவை வெளிப்படுத்துகின்றான். மகளிர் நெஞ்சம் நம்பத்தகாதது என்பதே அக்கதை நாட்டும் முடிபு. காண்பவன் அங்கே நடுவன் போல்வான். குற்றம் முழுவதும் காணப்பட்டார்மேலது. ஊ ஜுன் கதையிற் காண்பவன் சான்றாளன். அவன் தீர்ப்புக் கூறான்; எல்லாம் அறிந்தும் வாய் திறவான். படத்திற் காண்பவனோ அச்சங்கிலியின் இறுதிக் கண்ணியாகின்றான். நான்காமவளாகிய பெருவாத்து மங்கையின் நோக்கு அவன்மேல் விழுந்தபொழுதே அவன் வெளியில் நிற்பவன் ஆதல் ஒழிந்தது. மரத்தின்மேல் இருந்தவனைக் கீழே இறக்கிக் கதையினுட் புகுத்தியதே இப்படத்தின் அரிய செயலாகும்.

இம்மாற்றம் சான்று பற்றிய வினாவையும் உடன் எழுப்புகின்றது. பழைய கதையில் இளைஞன் பிரியுங்கால், தன்னை நினைத்தற்பொருட்டுப் பெரிய செப்புத் தட்டு ஒன்றைச் சூ யானுக்கு ஈகின்றான். பின்னாளில், தையுவான் ஆண்டுகளில் (376–396), அரசப் பணியில் இருந்த சூ யான் அதனை உயர்பதவியாளர் ஒருவர் முன் வைக்க, அதன்கண் யோங்பிங் மூன்றாம் ஆண்டில், அஃதாவது கி.பி. 60-இல், செய்யப்பெற்றதென்னும் எழுத்துக் காணப்பட்டது. நினைவுப்பொருளே சான்றுப்பொருளும் ஆயிற்று; நிகழ்ந்தது கனவன்று என்று பிறர்க்கும் காட்டலாயிற்று. படத்திலோ அத்தட்டு இல்லை. மங்கையின் காதணி ஒன்று இடம்பெறுகின்றது. ஆயின் அதில் எழுத்தில்லை, ஆண்டில்லை. பிறரை ஒப்புவித்தற்கு அது போதாது. எஞ்சுவது வணிகன் நினைவு ஒன்றே.

நினைவு சான்றாகுமோ எனின், கதை பிறந்த பௌத்த மரபுக்கு அயலதேனும் இந்திய நாட்டதேயாகிய நியாய நூல் இவ்வினாவை நுணுகி ஆராய்ந்தது. நையாயிகர் நினைவைத் தனி அளவையாகக் கொள்ளார். என்னை? அது புதிதாக ஒன்றை அறிவியாது, முன் நுகர்ந்ததன் வாசனை மாத்திரையாற் பிறப்பது ஆகலின் என்க. அங்ஙனமாயின், சான்று இழந்த வணிகன் மலையில் ஒன்றும் நிகழ்ந்திலது எனத் துணிந்து வழிச்செல்லுதல் ஆகாதோ? படம் வெளிவந்தபின் இது முழுதும் வணிகன் கண்ட கனவே என்று பொருள் உரைப்பாரும் உளராகலின், இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று.

அவ்வுரை கதையைச் சுருக்குமேயன்றி விளக்காது. நரிமுகத்தானும் முயல்மங்கையும் வெறுந்தோற்றமே என்று கொள்வோம். வணிகன் தயங்கியது தோற்றமோ? அன்று. அத்தயக்கம் எவர் வாயினின்றும் வெளிப்பட்டதன்று. அவனுள்ளத்தே அவனாற் செய்யப்பட்டது. கனவிற் கண்ட புலி பொய். அதனைக் கண்டு நடுங்கிய நடுக்கம் பொய்யன்று. அதுபோலக் காணப்பட்ட பொருள் பொய்யாயினும், அதன்முன் உள்ளம் நின்ற நிலை மெய்யே. நினைவு பிறர்க்குச் சான்றாகாதொழிக. தன்னைத் தனக்குக் காட்டுதற்கு அஃதொன்றே உளது. ஆகவே, மெய்யை எதிர்கொள்ளுதல் என்பது கண்டது கனவோ நனவோ என வழக்கறுத்தல் அன்று, இழந்தது தன் செயலால் இழந்தது என ஏற்றுக்கோடலே என்பது போதரும். வணிகன் அதனை ஏற்றானோ இலனோ என்பதைப் படம் கூறாது அவனை மலையில் நிறுத்திவிடுகின்றது. இது குறையன்று, ஏற்றுக்கோடல் பிறர் கூறுதற்குரியது அன்றாகலின்.

படத்தின் அமைப்பும் இக்கருத்துக்கு இயைந்தது. இதிற் பேச்சொலி இல்லை. கதை திரையில் எழுத்தாகத் தோன்றும். அவ்வெழுத்து வணிகனை ‘அவன்’ என்னாது ‘நீ’ என்றே விளிக்கும். வாசிப்பவன் ஒவ்வொருவனும் ஒவ்வோர் அடியிலும் தானே சுமை தாங்குவான்போல் உணர்தற்கு இஃதன்றி வேறொன்றும் வேண்டா. கரிக்கோலால் வரைந்தாலன்ன சாம்பல்நிறம் படம் முழுதும் பரவ, சிவப்பு ஆங்காங்கே சிறிது தோன்றும். நெடுநாட் கழிந்த நிகழ்ச்சியை நினைவுகூருங்கால் பெரும்பகுதி மங்க, ஒரோவொன்று மட்டும் கூர்த்து நிற்றல் உலகியல்பு. அவ்வியல்பே ஈண்டு வண்ணமாயிற்று.

குறையும் ஒன்று உளது. ஓவியம் உணர்த்திய அச்சத்தையும் ஆசையையும் எழுத்தும் சிற்சில இடங்களில் மறுபடியும் எடுத்துரைக்கின்றது. ‘நீ’ என்னும் விளி காண்பவனைக் கதையினுள் அழைப்பது. ‘நீ இவ்வாறு உணர்கின்றாய்’ என விதிக்கத் தொடங்கின் அவனை வெளியே தள்ளுவதாய் முடியும். மங்கை வணிகனை நோக்கும் இடம் நோக்காகவே விடப்பட்டிருப்பின் மேலும் சிறந்திருக்கும்.

இக்குறை நோக்கி முதன்மை மறத்தல் தகாது. அரசகுமாரன் பிறர் மறைவை வெளிப்படுத்தி வென்றான். சூ யான் தட்டொன்று பெற்றான். சுமைவணிகன் யாதொன்றும் பெற்றிலன். ஆயினும் அம்மூவருள் தன்னைக் காணும் வாயில் திறக்கப்பெற்றவன் அவன் ஒருவனே. பிறர் நெஞ்சினுள் யார் உளர் என்று கேட்டு வந்த பழங்கதை, கேட்பவன் நெஞ்சினுள் என்ன உளது என்று கேட்குமாறு இப்படத்தால் திரும்பிற்று.