தெரிந்த கதையும் புதிய குரலும்

ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களிலே மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தின் கதை, காணவருவோர் யாவரும் முன்னரே அறிந்ததொன்றாகும். சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் எவருக்கும் புதுமையல்ல. பசறையிலோ நமுனுகுலையிலோ விழித்திருக்கும் கூட்டம், இவ்வாண்டு இரதி வேடம் புனைபவர் அப்புலம்பலை எங்ஙனம் பாடுவார் என்பதையே எதிர்பார்க்கின்றது.

ஜாஸ் இசையில் ‘ஸ்டாண்டர்ட்’ எனப்படும் பாடல்களின் நிலையும் இத்தகையதே. மேடையிலும் திரையிலும் பிறந்து எல்லாரும் அறிந்தவையாகிவிட்ட பாடல்களை ஒவ்வொரு கலைஞரும் தமதாக்கி வாசிப்பர். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜே. ஜே. ஜோன்சன் (1924–2001) 1957இல் பதிவுசெய்த ‘புளூ ட்ரொம்போன்’ இசைத்தட்டு இதற்குத் தக்க சான்று. ட்ரொம்போனில் விரல் வைக்கும் துளைகளில்லை; பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தியே சுரம் பிடித்தல் வேண்டும். ஆதலின் இழுத்து முழங்குவதே அதன் இயல்பென எண்ணியோர் பலர். ஜோன்சனோ விரைந்த நடையிலும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்துத் தெளிவுற ஒலிக்கச் செய்கிறார். ‘த கிங் அண்ட் ஐ’ (1951) இசைநாடகத்துப் பாடலான ‘ஹலோ, யங் லவர்ஸ்’ இத்தட்டில் இடம்பெறுகிறது. அறிந்த மெட்டைக் காட்டிவிட்டு, அதனைத் தாங்கும் சுர அடுக்குகளை மாத்திரம் பற்றிக்கொண்டு அவர் புதுவழி செல்கிறார். மெட்டு மறைந்தபோதும் பாடல் மறைவதில்லை. மக்ஸ் ரோச்சின் முரசும் வெறும் தாளக்கணக்கன்று, அது எதிர்க்குரல். தீயிற் காய்ச்சி இறுக்கிய தப்பு இரதியின் குரலுக்கு விடையிறுப்பதும் இவ்வாறே.

இரண்டும் தோட்ட உழைப்பாளரின் வழிவந்தவை என்று கூறி நிறைவடைவோர் உளர். அது பாதி உண்மையே. ஸ்டாண்டர்ட் ஒன்றுக்குப் பல கலைஞரின் பதிவுகள் உண்டு. ஆகவே எந்த ஒன்றும் சட்டமாவதில்லை. மலையகப் பாடலுக்கோ பெரும்பாலும் அச்சுப் பாடமே துணை. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ பெரும்பணி என்பதில் ஐயமில்லை. எனினும் ஏட்டில் சொல் நிற்கும். மூச்சும் தப்பின் மறுமொழியும் நில்லா. அச்சிட்டதே சரியான பாடம் எனக் கொண்டால், வேறுபடப் பாடும் முதிய பாடகர் பிழைபட்டவராகிவிடுவார்.

பதுளைப் பகுதியில் வேண்டப்படுவது, ஒரே புலம்பலை ஹாலிஎல, லுணுகலை, பண்டாரவளை எனப் பல இடத்துப் பாடகரிடமிருந்தும் தப்போடு சேர்த்து ஒலிப்பதிவு செய்தலாம். ஒருவர் விட்ட அடியை மற்றவர் பாடலிலிருந்து எடுத்து நிரப்புதல் கூடாது.