தோற்றாலும் ஏசாத ஆட்டம்

போன வருஷம் ஐப்பசியில் ஒரு மழை நாள், என் அம்மாவின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கி வைத்தேன். அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. அப்பா இறந்தபின் முக்கூடல் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு பாளையங்கோட்டையில் இருக்கிறாள். என் மகன் ஒதுக்கிப்போட்ட பழைய போனில் கேண்டி கிரஷ் விளையாடக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் கல்லூரியிலிருந்து வந்து நுழையும்போது குக்கர் வைக்கப்பட்டிருக்கவில்லை. கொடியில் கிடந்த துணி சாரலில் நனைந்துபோயிருந்தது. "இந்த வயசுல என்னம்மா விளையாட்டு? கண்ணு போயிரும். பேசாம டிவியப் பாரு" என்றேன்.

அம்மா பதில் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். துடைக்கக் கையில் ஒன்றுமே இல்லை.

அன்று காலை வகுப்பில் நான் நடத்திய பாடம், பெண்களின் கூலியில்லா உழைப்பு. அம்மா எழுந்துபோன அதே கூடத்தில் என் கணவரும் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் போன் இருந்தது, அதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் துணியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கட்டுரை அந்த மறதியிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் விளையாடுகிறவள்தான். இரவு பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விளையாடுவேன். யாராவது புரண்டு படுத்தால் சட்டென்று வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிடுவேன். ஒரு நாற்பத்து மூன்று வயதுக்காரி நள்ளிரவில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, பொம்மை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்துவிடக் கூடாது. இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது?

வளர்ந்த ஆண் விளையாடினாலும் ஊர் ஏசத்தான் செய்கிறது. 'வேலைவெட்டி இல்லாதவன்' என்கிறது. அந்த ஏச்சுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அவன் சம்பாதிக்க வேண்டிய நேரம் போகிறது என்பது. அவன் வேலை முடிந்து வந்துவிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் ஆடுவதற்கு ஓய்வு என்று பெயர். பெண்ணுக்கு வேலை முடிந்தது என்ற மணி அடிப்பதே இல்லை. இந்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் கணக்கு மட்டும்தான். நூற்றுக்கு எண்பத்தோரு பெண்கள் அந்த வேலையைச் செய்கையில், ஆண்களில் இருபத்தாறு பேர்தான் செய்கிறார்கள். இப்படி இருக்கையில் ஒரு பெண் விளையாடும் ஒவ்வொரு நிமிடமும் யாருக்கோ சேர வேண்டிய நிமிடமாகத்தான் தெரியும்.

அப்படியானால் டிவி பார்த்தால் மட்டும் ஏன் யாரும் ஏசுவதில்லை? நானே அம்மாவிடம் 'டிவியப் பாரு' என்றுதானே சொன்னேன். வெகு நாள் யோசித்தபின் எனக்குக் கிடைத்த பதில், கை.

முக்கூடல் பீடி ஊர். ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் மடியில் சுளகோடு ஒரு பெண் இருப்பாள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுற்றி, முனையை மடக்கி, நூலைக் கட்டிப் போட்டுக்கொண்டே இருப்பாள். டிவி வந்த பிறகு திண்ணையில் இருந்தவர்கள் கூடத்துக்கு வந்தார்கள், அவ்வளவுதான். கண்ணும் காதும் சீரியலில், விரல்கள் சுளகில். அதனால் டிவிக்கு வீட்டில் இடம் கிடைத்தது. அது பெண்ணின் கண்ணை மட்டும் கேட்டது, கையை உழைப்புக்கு விட்டுவைத்தது. பூண்டு உரிக்கலாம், கீரை ஆயலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம். செல்போன் ஆட்டம் கண்ணையும் கேட்கிறது, இரண்டு கையையும் கேட்கிறது. நாற்பது வருஷம் பீடி சுற்றிய அதே பெருவிரல், கூலியும் இல்லாமல் யாருக்கும் உதவாமலும் மிட்டாய்களை நகர்த்திக்கொண்டிருந்தது. என் கண்ணில் உறுத்தியது அந்தக் கைகள்தான்.

விளையாட்டு என்ற சொல்லையே நாம் ஆளுக்கேற்ற மாதிரித்தான் வைத்திருக்கிறோம். கடவுள் விளையாடினால் திருவிளையாடல். பிள்ளைகள் விளையாடினால் அழகு. ஆண்கள் கூடிச் சீட்டாடும் இடத்துக்கு 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டிப் பதிவும் செய்துகொள்ளலாம். ரம்மி திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் 1967-இலேயே சொல்லிவிட்டது. பெண்களின் மனம் மகிழ ஒரு மன்றத்தை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. தாமிரபரணிக் கரை மண்டபங்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் செதுக்கிக் கிடக்கும். சின்ன வயதில் குளிக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது எப்போதும் ஆண்கள். பெண்கள் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு வருவதற்கு ஆண்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. எங்களுக்கு ஒரு வாளி துணி தேவைப்பட்டது.

பெண்கள் விளையாடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல் எல்லாம் எங்கள் கையில்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு வயதும் நாளும் குறிக்கப்பட்டிருந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் என் ஆச்சி வைகுண்ட ஏகாதசி இரவு முழுக்கப் பரமபதம் ஆடுவாள். அன்றைக்கு ஏசுவார் இல்லை. கண்விழித்தால் புண்ணியம், கண்விழிக்க ஆட்டம் உதவும். வருஷத்தில் ஒரு ராத்திரி, அதுவும் பெருமாள் பெயரில். மற்ற நாட்களில் அதே அட்டை பரணில் கிடக்கும்.

வயதுக்கு வந்த பெண்ணின் விளையாட்டை நிறுத்துவதற்கு நம் இலக்கணத்தில் பெயரே உண்டு: இற்செறிப்பு. அகப்பாடல்களில் அது காதலுக்குத் தடையாக வரும் ஒரு துறை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். நற்றிணையின் 68-ஆம் பாடலில் தோழி எழுப்பும் வாதத்தை இப்போதுதான் நின்று படித்தேன். தோழியரோடு ஓரை ஆடாமல் இளம்பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைப்பது அறமும் அல்ல, வீட்டின் வளமும் அதனால் தேயும் என்று அன்னையிடம் எடுத்துச் சொல்ல யாருமில்லையா என்று கேட்கிறாள் அவள். தலைவன் காதில் விழட்டும் என்பதற்காகச் சொன்னது என்று உரை சொல்லும். இருக்கட்டும். ஒரு பெண்ணின் விளையாட்டைப் பறிப்பது அறம் அல்ல என்ற வாதம் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழில் இருந்திருக்கிறது. நானோ ஒரு துணிக்கொடியைக் காரணம் காட்டி அதை என் தாய்க்குச் செய்தேன்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்தது தெரியாதா? தெரியும். தாலிக்கொடி அடகுக்குப் போன வீடுகள் எனக்கும் தெரியும். 2022-இல் முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, சட்டமன்றம் மசோதா நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. அவை சூதாட்டங்கள், அவற்றின் கடனைக் கடைசியில் அடைத்தவர்கள் பெரும்பாலும் மனைவிகளும் தாய்மார்களும்தான். ஆனால் 'போன்ல விளையாடுறா' என்ற ஒற்றைச் சொல்லில், ரம்மியில் வீட்டை விற்றவனையும், பத்துப் பைசா வைக்காமல் மிட்டாய் சேர்க்கும் என் அம்மாவையும் ஒரே கூண்டில் ஏற்றிவிடுகிறோம். சட்டம்கூட இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. வீடுதான் பார்ப்பதில்லை.

2025-இல் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகளில், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று ஒன்று இருந்தது. சூதுக்கு அது சரி. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த ஐந்து மணி நேரம்தான், ஒருவரும் கூப்பிடாத என்னுடைய ஒரே நேரம்.

பணம் வைக்காத ஆட்டங்களும் பச்சைப்பிள்ளைகள் அல்ல. கேண்டி கிரஷில் ஐந்து உயிர் தருவார்கள். தீர்ந்தால் ஒரு உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுக்க வேண்டும். காத்திருக்க முடியாத மனதைக் கணக்குப் போட்டுச் செய்த வியாபாரம் அது. அதை விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் 'அந்த நிறுவனம் உன் நேரத்தைத் திருடுகிறது' என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு முன், அந்த நேரம் எப்போது அவளுடையதாக இருந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளையாட்டை ஆதரிக்கிறவர்கள் வைக்கும் வாதங்களும் எனக்கு ஒப்பவில்லை. மூளைக்குப் பயிற்சி, ஞாபகமறதி வராது, இ-ஸ்போர்ட்ஸில் சம்பாதிக்கலாம் என்பார்கள். பயன் இருந்தால்தான் பெண் விளையாடலாம் என்ற நிபந்தனையை ஒப்புக்கொண்ட பிறகு வரும் வாதங்கள் இவை. ஆச்சியின் ஏகாதசிப் புண்ணியம்தான், வேறு பெயரில்.

இந்த நேரத்தில்தான் 'வெண்பா' ஆட்டம் என் கைக்கு வந்தது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. அடுத்த வருஷம் சிறந்த முதல் ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் பெற்றது. எண்பதுகளின் கடைசியில் கனடாவில் குடியேறிய தமிழ்ப்பெண் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்து, கறைபட்டு, பாதி அழிந்திருக்கிறது. விடுபட்டதை யூகித்துச் சமைப்பதுதான் நாம் ஆட வேண்டிய ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்பது ஒரு புதிர். குக்கர் சத்தமும் பழைய சினிமாப் பாட்டின் சாயலும் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. நம் வீட்டு அடுப்படியை உலகம் விளையாடியதில் பெருமையாகவும் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, அதில் தப்புக்குத் தண்டனை இல்லை என்பது. இட்லி வேகாவிட்டால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

விடுமுறையில் அம்மாவை என் லேப்டாப் முன் உட்கார வைத்து அதைக் காட்டினேன். ஒருவகையில் மன்னிப்புக் கேட்டது மாதிரி. நான் குறிப்பைப் படித்து முடிக்கும் முன்பே, "மொதல்ல தண்ணிய ஊத்துட்டி" என்று இட்லியை முடித்துவிட்டாள். அடுத்தது புட்டு. அதுவும் முடிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"வீட்ல அவிச்சது காணாதா, இதுலயும் அவிக்கணுமா?"

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "பாவம், அந்தப் பிள்ள சமைச்சிக்கிட்டே இருக்கா. அவ ஒரு நாளாவது வெளாடுதாளா?" என்றாள்.

'வெண்பா'வைப் பற்றி நான் படித்த பாராட்டுகள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. எனக்கும் தோன்றவில்லை. பரிவோடு செய்த படைப்புதான் அது, பின்பாதியில் மகனையும் அடுப்படிக்குக் கூட்டி வருகிறது. ஆனாலும் உலக மேடையில் ஒரு தமிழ்த்தாய் விளையாட்டுக்குள் வர வேண்டுமென்றால் சமையலறை வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. அவள் உழைப்பு நமக்கு ஆட்டம், அவளுக்கு உழைப்பு.

"அப்ப நீ ஆடுறது மட்டும் எதுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இதுல தோத்தா ஆரும் ஏச மாட்டாவல்லா" என்றாள்.

பீடிக்கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று கழித்துப் போடுவார்கள். இலையும் போச்சு, தூளும் போச்சு, கூலியும் போச்சு. வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால் அப்பா தட்டை நகர்த்தி வைப்பார். ஒரு தப்புக்கு ஒரு ஏச்சு என்று அறுபத்தேழு வருஷம் வாழ்ந்தவளுக்கு, தோற்கவும் இடம் இருக்கிறது, தோற்றபின் மறுபடி தொடங்கவும் இடம் இருக்கிறது என்று முதன்முதலாகக் காட்டியது கையளவுத் திரை. வளர்ந்த பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்களிடம் இனி நான் மூளைப் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். ஒன்றுக்கும் இல்லை, சும்மாதான் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சொல்ல எளிதாக இல்லை. போர்வைக்கு வெளியே விளையாடவும் எளிதாக இல்லை.

நேற்றுச் சாயங்காலம் மழை தூறியது. அம்மா கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே "ஏட்டி, துணி" என்றாள். என் கையிலும் ஆட்டம் பாதியில் இருந்தது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டேன்.