கடைசி வரியை யார் எழுதினார்?

பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கதைகளை வளர்ந்த நடிகர்கள் மேடையேற்றுவது இப்போது பல ஊர்களில் ஒரு இயக்கமாகவே நடக்கிறது. அதை ஆதரிப்போர் சொல்லும் முதல் வாதம், கதை முழுக்கப் பிள்ளையுடையது, தாங்கள் உடலும் குரலும் மட்டுமே கொடுக்கிறோம் என்பது. திருகோணமலை போன்ற மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்ற பேச்சும் கூடவே வரும். போர், கடல், மூன்று சமூகங்கள். பிள்ளைகளிடம் சொல்லக் கதையா இல்லை என்று கேட்பார்கள். இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதை என்றைக்குமே நம்பியதில்லை.

இந்த வழியில் அதிகம் பேசப்படும் முன்மாதிரி சிகாகோவில் இருக்கிறது. 1997இல் ‘பேரல் ஒஃப் மங்கீஸ்’ என்ற பெயரில் தொடங்கிய குழு அது. இன்று ‘பிளேமேக்கர்ஸ் லபோரட்டரி’. நடிகர்களே அரச பாடசாலைகளுக்குப் போய் வாரக்கணக்கில் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் எழுதியவற்றிலிருந்து சிலதைத் தெரிந்து, பாட்டும் கேலியும் சேர்த்து, முதலில் அதே பாடசாலையில் ஆடுகிறார்கள். பிறகு அவற்றுள் சில நகரத்து அரங்கில், டிக்கெற் வாங்கி வரும் பெரியவர்கள் முன்னால் போகின்றன.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தரம் ஐந்து புலமைப்பரிசிலுக்காக மட்டுமே பேனா பிடித்த பிள்ளை, தன் எழுத்துக்காக நாலு பெரியவர்கள் வியர்க்க வியர்க்க ஓடி ஆடுவதைப் பார்க்கிறது. வகுப்பில் வாய் திறவாத பிள்ளையின் பெயர் மேடையில் அறிவிக்கப்படுகிறது. தமிழ்ப் பிள்ளையின் கதையைச் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மண்டபத்திலிருந்து பார்த்துச் சிரிக்க முடிந்தால், எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்களைவிட அது மேல். இவற்றை மறுப்பவர் அரங்கின் பக்கம் வராதவர்.

என் மறுப்பு ஒரே இடத்தில்தான். கதையின் முடிவில்.

கோட்டைப் பக்கத்து மான்கள் திருகோணமலை நகரத்துக்குள் வந்து குப்பைக்குள் வாய் வைப்பதைப் பார்க்காத பிள்ளை அங்கு இல்லை. அப்படியொரு பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஒரு மான் தினமும் ஷொப்பிங் பைகளைத் தின்றது. தின்று தின்று அதன் வயிற்றுக்குள் ஒரு கடை உண்டாகிவிட்டது. மற்ற மான்கள் வந்து புல் வாங்கின, கடனுக்கு. ஒன்றும் காசு கொடுக்கவில்லை. மான் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரையில் படுத்தது. அவ்வளவுதான் கதை.

இது எந்த நாடகக் குழுவின் கைக்குப் போனாலும் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். கடை அழகாக வரும், கடன் கேட்கும் மான்களுக்குக் கைதட்டல் விழும். கடைசியில் மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரியும்; எல்லோரும் வட்டமாக நின்று பொலித்தீனைத் தவிர்ப்போம் என்று பாடுவார்கள். பிள்ளை எழுதியது கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்களைப் பற்றி. பெரும்பாலும் வீட்டுக் கடையில் அம்மா கொப்பி வைத்து எழுதுவதைப் பார்த்த பிள்ளையாக இருக்கும். மேடையில் அது சுற்றாடல் நாடகமாகிவிட்டது. பிள்ளையின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

நெறியாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த விடயம். தமிழ்மொழித் தினப் போட்டி நாடகங்களில் வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிப்போகும் அந்த நாடகங்களில், கடைசிக் காட்சியில் ஒரு கருத்து எழுந்து நின்று சபையைப் பார்த்துப் பேசாவிட்டால் நடுவருக்கு நாடகம் முடிந்ததே தெரியாது. வகுப்பறையும் அப்படித்தான். கதை எழுதச் சொன்னால் பிள்ளை, இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால் என்று தானாகவே ஒரு வரி சேர்க்கிறது, சேர்க்காவிட்டால் புள்ளி குறையும் என்று தெரிந்து. ஆகவே குழுவிடம் வரும் கதைகளில் பாதி ஏற்கெனவே பெரியவர் கைபட்டவை. தப்பித்தவறி அந்த வரி இல்லாமல் ஒரு கதை வந்தால், அதைக் கொண்டாட வேண்டிய குழுவே உட்கார்ந்து அந்த வரியை எழுதிச் சேர்க்கிறது!

சிகாகோக் குழுவும் முடிவில் கைவைப்பதுண்டா என்று கேட்கலாம். அங்கே சேர்வது அறிவுரை அல்ல, சிரிப்பு. பிள்ளை ஆவேசமாக எழுதிய சண்டையை நடிகர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஆடினால், டிக்கெற் வாங்கி வந்தவர் பிள்ளையின் அறியாமைக்காகத்தான் சிரிப்பார். எங்கள் நோய் பாடம் சொல்வது, அவர்கள் நோய் செல்லம் கொஞ்சுவது. இரண்டிலும் கடைசி வார்த்தை பெரியவருடையது.

வேடிக்கைக் கதையில் இது சின்னக் குற்றம். துறைமுக மாவட்டத்தில் எல்லாக் கதையும் வேடிக்கை அல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்துபோனார்கள். பாலம் கட்டி முடியாததால் ஓடிய பாதை அது. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பிள்ளை, போன படகு திரும்பி வரவில்லை என்று கதையை முடித்தால், அதைக் கற்பனைக் குறைபாடு என்று யாரும் திருத்த முடியாது. ஆனால் திருத்துவார்கள். சபையில் தாய்மார் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு நம்பிக்கை வேண்டும் என்பார்கள். மேடையில் படகு திரும்பி வரும். நீலச் சேலையை இரண்டு பேர் பிடித்து அசைப்பார்கள், அதன் மேலால் படகு வரும். பார்த்தவர்கள் கண் கலங்கிப் போவார்கள். எழுதிய பிள்ளை மட்டும், தான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகும்.

இங்கேதான் உளவள ஆதரவு என்ற வாதம் வருகிறது. சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையெங்கும் பிள்ளைகளுக்குத் தாளும் வர்ணமும் கொடுத்து வரையச் சொன்ன காலத்தை நினைத்துப் பாருங்கள். முதல் தாளில் அலை வேண்டும், கடைசித் தாளில் சூரியன் வேண்டும். அறிக்கைக்கு இரண்டும் தேவை. அதே கிழக்கில், மட்டக்களப்பில், போர் நடந்துகொண்டிருந்த 1996இல் போல் ஹோகனும் போல் சற்குணநாயகம் அடிகளாரும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வேறு மாதிரி. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே களிமண்ணோடும் வர்ணத்தோடும் கதையோடும் தங்கள் போக்கில் இருந்தார்கள். அவசரப்பட்டுச் சூரியனைக் கேட்காத இடம் அது. குணமாக்குவதைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் இந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளட்டும்.

குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’வையும் சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’வையும் யாரும் பிள்ளைகள் எழுதியவை என்று சொல்லவில்லை. பெரியவர் பிள்ளைகளுக்காக எழுதினார், பெயரைப் போட்டார். அதிலுள்ள கருத்து பிடிக்காவிட்டால் யாரோடு வாதாடுவது என்று தெரியும். பொலித்தீன் பாட்டை எழுதியவர் யார்? கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்துவார்கள். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நேர்மை அல்ல.

வேறு வழி இல்லாமல் இல்லை. அதே சிகாகோவில் விவியன் பேலி என்ற பாலர் வகுப்பு ஆசிரியை பல ஆண்டுகள் ஒரு காரியம் செய்தார். பிள்ளை சொல்லச் சொல்லக் கதையை எழுதுவார். விளங்காத இடத்தில் கேள்வி கேட்பார், ஆனால் தாளில் ஏறுவது பிள்ளையின் பதில். பிறகு வகுப்புப் பிள்ளைகளே சுற்றி நின்று அதை ஆடுவார்கள். 1990இல் வந்த அவருடைய புத்தகமொன்றில், தான் ஒரு ஹெலிகொப்டர், தன் இறக்கைகள் உடைந்துவிட்டன என்று சொல்லிக்கொண்டே திரியும் ஜேசன் என்ற சிறுவன் வருகிறான். அவனை ஹெலிகொப்டரை விட்டு இறக்குவது பேலிக்கு ஒரு நாள் வேலை. அவர் செய்யவில்லை. மற்றப் பிள்ளைகளின் கதைகளுக்குள் அந்த ஹெலிகொப்டர் தானே இறங்க இடம் தேடும்வரை காத்திருந்தார்.

அது வகுப்பறை, இது மேடை, சபை தாங்காது என்பார்கள். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதையைத் தாங்கிய சபைதானே இது. சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவப் பையன். அவன் மனதில் வைத்திருந்த பெண் தோணி உள்ளவனுக்கு மனைவியாகிப் போகிறாள். ஆசிரியர் அவளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் கதையின் பெயரிலேயே வந்த தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. பெரியவர் இழப்பை எழுதினால் இலக்கியம், பிள்ளை எழுதினால் பிழையா?

பாட்டுப் போடுங்கள், தாளம் போடுங்கள், ஒரு மானைப் பத்து மானாக்குங்கள். அதெல்லாம் அரங்கின் உரிமை. ஆனால் எழுதிய பிள்ளையை ஒத்திகைக்குக் கூப்பிட்டு, கடைசிக் காட்சியைக் காட்டி, சரியா என்று கேளுங்கள். இல்லை என்றால் மாற்றுங்கள். அதற்கு மனமில்லாத குழு, பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு எழுத்துரு என்ற இடத்தில் நெறியாளரின் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்.